கிருமி எங்கே இருந்தது?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் மருத்துவர் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல், சற்றே சுருக்கித் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)

தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டண பாக்கி, இரண்டாவது லிஃப்ட் என்று ஏற்கெனவே ஒரு மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

செயலாளர் என்னை ஏன் பேசச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சின்னக் குழந்தையை ‘மூளைக்காய்ச்சல்’ என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை நல்லபடியாக வீடு திரும்பிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாட்களும் நம் வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. எல்லோருக்கும் தொண்டையில் குச்சி விட்டு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர், வீட்டில் அஸித்ரோமைசின் அரைப் பட்டை மிச்சம் இருக்கிறது, வேண்டுபவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனாலும் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த மூன்று யோசனைகளையும் ஒரு கேள்வியால் அலசிப் பார்க்கலாம். லேபில் இருந்த காலமெல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி அது: கிருமி எங்கே இருந்தது?

கொரோனாவுக்குப் பிறகு டெஸ்ட் என்றாலே மூக்கில் குச்சி விடுவது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அந்த வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் பெருகுவது. அங்கே கிடைத்தால் தொற்று இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நம் தோல், மூக்கு, வாய், தொண்டை, பெருங்குடல் எல்லாம் வெளியுலகத்தோடு ஒட்டிய இடங்கள். பிறந்த நாளிலிருந்தே அங்கே பாக்டீரியாக்கள் குடியேறிவிடுகின்றன. அவற்றில் சில, வேறு இடத்தில் அகப்பட்டால் உயிருக்கே உலை வைப்பவை.

இதற்கு நல்ல உதாரணம் நிமோகாக்கஸ். நிமோனியாவுக்கும் மூளை உறை அழற்சிக்கும் முக்கியக் காரணமான பாக்டீரியா. இதை முதலில் பிரித்துக் காட்டியவர்கள் இரண்டு பேர்: பிரான்சில் லூயி பாஸ்டர், அமெரிக்காவில் ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க். இருவரும் தனித்தனியாக 1881-ல் அறிவித்தார்கள். பாஸ்டருக்குக் கிடைத்தது வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலிலிருந்து. ஸ்டெர்ன்பெர்க்குக்குக் கிடைத்தது அவருடைய சொந்த எச்சிலிலிருந்து! மனிதர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். அவருடைய எச்சிலை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது முயல் செத்துப்போனது. அதே கிருமி இவர் வாயில் இருந்தபோது ஒன்றும் செய்யவில்லை. முயலின் ரத்தத்துக்குள் போனபோது கொன்றது.

நம் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே லாபியில் முன்பின் தெரியாத ஒருவர் நிற்கிறார். கூரியர்காரராக இருக்கலாம், யாராவது வீட்டு விருந்தாளியாக இருக்கலாம். செக்யூரிட்டி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அதே ஆள் ராத்திரி இரண்டு மணிக்குப் பூட்டிய வீட்டின் படுக்கையறையில் நின்றால்? அவர் யார், என்ன வேலை என்றா விசாரிப்போம்? ஊரையே கூட்டிவிடுவோம்.

உடம்பில் அப்படிப் பூட்டிய அறைகள் சில இருக்கின்றன. ரத்தம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் தெளிந்த நீர். நுரையீரல் உறைக்குள்ளும் இதய உறைக்குள்ளும் இருக்கும் நீர். வயிற்றறை, மூட்டுகளின் உட்புறம், எலும்பின் உட்புறம். ஆரோக்கியமான நிலையில் இங்கெல்லாம் பாக்டீரியா இருக்கக் கூடாது. பல் தேய்க்கும்போது ஈறு கீறி நாலு கிருமி ரத்தத்தில் இறங்குவது உண்டு. கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிடங்களில் அவற்றைப் பிடித்துவிடும். விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ மண்ணீரலை இழந்தவர்களுக்கு நாங்கள் தனியாகத் தடுப்பூசி எழுதுவது இதனால்தான். அப்படி யாராவது இங்கே இருந்தால் உங்கள் மருத்துவரிடம் அதை ஞாபகப்படுத்துங்கள்.

இந்தப் பூட்டிய அறைகளில் ஒன்றிலிருந்து எடுத்த மாதிரியில் பாக்டீரியா வளர்ந்தால், அதை ஊடுருவிய நோய் என்று சொல்கிறோம். லேபில் நடைமுறையே வேறு மாதிரி இருக்கும். தொண்டையில் எடுத்த மாதிரியின் முடிவு காலையில் மற்ற ரிப்போர்ட்டுகளோடு போகும். முதுகுத்தண்டு நீரை நுண்ணோக்கியில் பார்த்து ஒரே ஒரு ஜோடி நீலப் புள்ளிகள் தெரிந்தாலும், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்த கையோடு வார்டுக்குப் போன் போட வேண்டும். மணி நள்ளிரவாக இருந்தாலும் சரி.

விதிவிலக்கும் உண்டு. காசநோய்க் கிருமி சளியில் கிடைத்தாலே நோய்தான். மழைக்காலத்தில் நம் பக்கத்து மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் சர்க்கரை நோயாளிகளைப் பிடிக்கிற மெலியாய்டோசிஸ் கிருமியும் அப்படியே. அது மனித உடம்பில் எந்த இடத்தில் அகப்பட்டாலும் சும்மா விடக் கூடாது.

சரி, நம் வாட்ஸ்அப் யோசனைகளுக்கு வருவோம். முதல் யோசனை, எல்லோருக்கும் தொண்டையில் டெஸ்ட். மூளை உறை அழற்சி உண்டாக்கும் இன்னொரு கிருமி மெனிங்கோகாக்கஸ். ஆரோக்கியமாக நடமாடும் பெரியவர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவர் இதைத் தொண்டையில் சுமந்துகொண்டிருப்பார். நிமோகாக்கஸ் என்றால் நம் விளையாட்டு மைதானத்தில் ஓடும் குழந்தைகளில் பலரிடம் இருக்கும். அவர்களில் மிகமிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வராது. எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு மாடியிலும் ஒரு ‘பாசிட்டிவ்’. அதைப் பார்த்து ஒவ்வொரு மாடியிலும் ஒரு பீதி. அந்த ஒரு குழந்தைக்கு என்ன கிருமி என்பது மட்டும் அதில் தெரியவே தெரியாது. அதைச் சொல்லக்கூடியவை அந்தக் குழந்தையின் ரத்தமும் முதுகுத்தண்டு நீரும்தான்.

இரண்டாவது யோசனை, எல்லோருக்கும் மாத்திரை. இதற்குப் பதிலும் அந்த மாதிரிகளில்தான் இருக்கிறது. உள்ளே இருந்தது மெனிங்கோகாக்கஸ் என்றால், ஒரே வீட்டில் வசிப்பவர்கள், கூடப் படுத்து உறங்கியவர்கள், எச்சில் படும் அளவுக்கு நெருங்கிப் பழகியவர்கள், இவர்களுக்கு உடனே, முடிந்தால் ஒரே நாளுக்குள், தடுப்பு மருந்து உண்டு. லிஃப்டில் கூட வந்தவருக்குத் தேவையில்லை. 2005-ல் டெல்லியில் இந்தக் கிருமி பரவியபோதும் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. உள்ளே இருந்தது நிமோகாக்கஸ் என்றால் வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட வழக்கமாக மாத்திரை இல்லை. வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பொதுச் சுகாதாரத் துறையோ அந்த மருத்துவமனையோ என்ன சொல்கிறது என்று சங்கம் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும். குழந்தையின் பெயரும் வீட்டு எண்ணும் குழுவில் சுற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. அந்த அரைப் பட்டை மாத்திரை.

ரத்தத்தில் கிருமி என்றால் ஏதோ கொதிக்கிற பானை மாதிரி கற்பனை செய்கிறோம். உண்மையில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் இருக்கலாம். டைஃபாய்டில் அப்படித்தான். அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வரை எடுக்கிறோம், அதுவும் இரண்டு கைகளிலிருந்து. ‘இவ்வளவு ரத்தமா, விற்றுவிடுவார்களோ’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நமக்கு உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நாற்பது மில்லி போனால் தெரியாது. குறைத்து எடுத்தால், இருக்கிற கிருமி பாட்டிலுக்குள் வராமலே போய்விடும். குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி சில மில்லி போதும்.

இரண்டு கை எதற்கு என்றால், தோலில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை ஒன்று ஊசியோடு சேர்ந்து பாட்டிலுக்குள் வந்துவிடும். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் அது வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்தது என்று விட்டுவிடுவோம். இரண்டு கையிலும் வளர்ந்தால் யோசிக்க வேண்டும், குறிப்பாக உடம்பில் செயற்கை வால்வோ, செயற்கை மூட்டோ, டயாலிசிஸ் குழாயோ இருப்பவர்களுக்கு. ஊசி போடுமுன் நர்ஸ் மருந்து தடவிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். அந்த மருந்து காய்ந்தால்தான் கிருமி சாகும். ஏற்கெனவே கையில் குத்தியிருக்கும் ட்ரிப் ஊசியிலிருந்தே எடுத்துவிடுங்கள், இன்னொரு தடவை குத்தாதீர்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்வதும் வேண்டாம். பழைய ஊசியில் ஒட்டியிருக்கும் கிருமி ரிப்போர்ட்டைக் குழப்பிவிடும்.

இவ்வளவு கவனமாக எடுத்த பாட்டிலில், நோயாளி காலையில் விழுங்கிய ஒரு மாத்திரையும் கலந்திருந்தால்? கிருமி உடம்பில் அரைகுறையாக உயிரோடு இருக்கும், பாட்டிலில் வளராது. மருத்துவருக்கு வரும் ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. எந்தக் கிருமி என்று தெரியாது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியாது. பிறகு இருட்டில் கல் எறிகிற மாதிரி விலை கூடிய இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போட வேண்டியதுதான். நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றிய இரண்டு மணி நேரத்தில் முதுகுத்தண்டு நீரிலிருந்து மெனிங்கோகாக்கஸ் மறைந்துவிடலாம். நிமோகாக்கஸ் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, டெஸ்ட் எடுக்கும்வரை மருந்தே போடக் கூடாது என்று மருத்துவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். மூளை உறை அழற்சி என்று சந்தேகம் வந்துவிட்டால் ரத்த பாட்டிலை நிரப்பிய கையோடு மருந்து ஏற ஆரம்பித்துவிட வேண்டும்; ஸ்கேனுக்காகவோ முதுகுத்தண்டு நீருக்காகவோ மருந்து காத்திருக்கக் கூடாது. நான் வேண்டாம் என்பது வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த மாத்திரையை. ஏற்கெனவே போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: எந்த மாத்திரை, எத்தனை, கடைசியாக எப்போது. திட்டுவார்களே என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

இந்த முதுகுத்தண்டு நீர் விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் அதிகம் மறுக்கப்பட்ட பரிசோதனை இதுதான். ‘முதுகில் ஊசி குத்தினால் கால் விழுந்துவிடும்’ என்ற பயம். தாத்தா கையெழுத்துப் போட மாட்டார், சித்தப்பா ஊரிலிருந்து வரட்டும் என்பார்கள், அதற்குள் பாதி நாள் போய்விடும். பாருங்கள், தண்டுவடம் நம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும் இருக்கும், ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுக் கீழே வரை இருக்கும், அதனால் ஊசியும் இன்னும் கீழே போகும். இந்த முறையை ஜெர்மனியில் குவின்கே என்ற மருத்துவர் 1891-ல் விவரித்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

இந்தக் கூடத்தில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். உங்களில் பெரும்பாலோருக்கு மரத்துப்போக ஊசி போட்டது ஏறக்குறைய இதே இடத்தில்தான். நடந்துதானே வந்திருக்கிறீர்கள்! இரண்டு நாள் தலைவலி வரலாம், குத்திய இடம் வலிக்கலாம். மூளைக்குள் அழுத்தம் அதிகமாக இருந்தாலோ ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ மருத்துவர்களே தள்ளிவைப்பார்கள். எடுப்பது சில மில்லி. உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது.

அந்தச் சில மில்லி எவ்வளவு பேசும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆரோக்கியமான நீர் குடிநீர் மாதிரி தெளிவாக இருக்கும். பாக்டீரியா புகுந்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கும். வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் ஐந்துக்குள் இருக்க வேண்டியவை நூறு, ஆயிரம் என்று ஏறும். சர்க்கரை வழக்கமாக ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பாக்டீரியா தொற்றில் அது சரிந்துவிடும். 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமிடும் முறையில் ஒரு துளியைப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் குடும்பத்துக் கிருமி என்று பல நேரங்களில் தெரிந்துவிடும். கல்ச்சர் வளர ஓரிரு நாள், எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள்.

நம் பாட்டி தாத்தாக்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் நம் நான்கு பிளாக்கிலும் இருக்கிறார்கள். அந்த முழங்கால் திடீரென வீங்கிச் சூடானால், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். மூட்டுக்குள்ளிருந்து நீர் எடுத்து அனுப்பிய பிறகு மருந்து தொடங்குவதா என்று அவர் முடிவு செய்யட்டும். அடுத்தது சிறுநீர். அது வெளியே வரும் வழியில் தோலிலுள்ள கிருமிகளைக் கூட்டிக்கொண்டு வரும். அதனால்தான் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்கிறோம், எண்ணிக்கையும் பார்க்கிறோம். சிறுநீர்ப் பையிலிருந்து ஊற்றி அனுப்பிய மாதிரிக்கு மதிப்பே இல்லை. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, மாஸ்டர் செக்கப்பில் மட்டும் ‘கிருமி’ என்று வந்தால், வயதானவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்குக் கட்டாயம் மருந்து கொடுப்போம்.

ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படுவதில்லை. 1990-களில் இந்தியாவின் பல பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து, ஊடுருவிய நோய் வந்தவர்களின் மாதிரிகளிலிருந்து நிமோகாக்கஸைச் சேகரித்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அதில் முக்கியப் பங்கு. முடிவுகள் 1999-ல் லான்செட் இதழில் வந்தன. நிமோகாக்கஸில் தொண்ணூறுக்கு மேல் வகைகள் உண்டு. 1, 5 என்று எண்ணிட்ட வகைகள் ஆரோக்கியமானவர் தொண்டையில் அபூர்வம், நம் நாட்டு நோயாளிகளின் ரத்தத்தில் தாராளம். தொண்டையை மட்டும் துழாவியிருந்தால் இவை கண்ணில் பட்டிருக்குமா? அமெரிக்காவில் 2000-ல் வந்த முதல் குழந்தைத் தடுப்பூசியில் இந்த இரண்டு வகையும் கிடையாது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் நிமோசில் தடுப்பூசியில் இரண்டும் இருக்கின்றன. 2021-ல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கஸ் தடுப்பூசி நாடு முழுவதும் விரிந்தபோது நம் மாநிலத்துக்கும் வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2011 டிசம்பரில், ஹீமோஃபிலஸ் கிருமிக்கு எதிரான மருந்தும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். பேரக்குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று இன்றிரவே பாருங்கள். நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்கும் கேளுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காசு கிடையாது.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பேச்சு குழம்பினால், எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், வலிப்பு வந்தால், மூச்சு வேகமாக வாங்கினால். தோலில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றினால் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், மறையாவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள். கைக்குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் அதுவே போதும். வாட்ஸ்அப்பில் கேட்டு நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்விகள் மூன்று வந்திருக்கின்றன.

டைஃபாய்டுக்கு வைடால் டெஸ்ட் போதாதா என்று ஒருவர். வைடால் பார்ப்பது கிருமியை அல்ல, எதிர்ப்பொருளை. டைஃபாய்டு சகஜமாக இருக்கும் நம் ஊரில் பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும் அது உயர்ந்து காட்டும். ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து இரண்டு வாரம் மாத்திரை விழுங்குவது எனக்கு உடன்பாடில்லை. ரத்தக் கல்ச்சரும் நூற்றுக்கு ஐம்பது அறுபது பேரிடம்தான் பிடிக்கும். ஆனால் பிடித்துவிட்டால் சந்தேகமில்லை, எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்லிவிடும். காய்ச்சலின் முதல் வாரத்தில், மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள்.

ஐந்து நாள் காத்திருந்து ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் பணம் வீண்தானே என்று இன்னொருவர். இல்லை. அதை வைத்துத்தான் பல மருந்துகளை நிறுத்துகிறோம். மருந்து முன்பே போட்டிருந்தால், செத்த கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையை முதுகுத்தண்டு நீரில் செய்ய வழி இருக்கிறது.

மூன்றாவது, ராத்திரி எடுத்த பாட்டிலைக் காலையில் வேறு லேபுக்குக் கொண்டுபோகும் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? கூடாது. ரத்தக் கல்ச்சர் பாட்டிலும் முதுகுத்தண்டு நீரும் குளிரில் வைக்கக் கூடாதவை. மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் குளிர் தாங்காமல் செத்துவிடும். அறை வெப்பத்திலேயே வைத்து, காலை வரை காத்திருக்காமல், அன்றிரவே யாராவது ஒருவர் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.